பக்கவிளைவு அறிக்கையும் பிளாக்செயினும்: ரசீது கிடைக்கும், அறிக்கை கிடைக்குமா?

2012 ஜூனில் ஐரோப்பிய மருந்து முகமை ஒரு தகவலை வெளியிட்டது. ரோஷ் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திவந்த நோயாளர் உதவித் திட்டம் வழியாக வந்துசேர்ந்த சுமார் 80,000 தகவல்கள், மருந்தின் பக்கவிளைவாக இருக்குமா என்று பரிசீலிக்கப்படாமலே கிடந்தன. அவற்றில் 15,161 தகவல்கள் நோயாளி இறந்துபோனதைச் சொல்பவை. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆய்வுக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மரணங்கள் மருந்தால் நேர்ந்தவையா, முற்றிய நோயால் நேர்ந்தவையா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அறிக்கை முறையே இருக்கிறது.

அறிக்கை எல்லாம் ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் அடங்கிப் போகாமல், பலர் கையில் ஒரே நேரத்தில் இருக்கும் பேரேட்டில் ஏறிவிட்டால் யாராலும் அதை மறைக்க முடியாது என்பதுதான் பிளாக்செயின் ஆதரவாளர்களின் வாதம். வாதத்தில் பாதி சரி. அந்த 80,000 தகவல்களை யாரும் அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை பக்கவிளைவு அறிக்கைகள் என்றே கருதப்படவில்லை, அவ்வளவுதான். பேரேட்டுக்குள் போகாததைப் பேரேடு காப்பாற்றாது. எனவே பிளாக்செயின் பாதுகாப்பானதா என்று கேட்பதைவிட, ஓர் அறிக்கை எந்த இடத்தில், யார் கையால், எந்த நிமிடத்தில் அதற்குள் நுழைகிறது என்று கேட்பதே பயன் தரும்.

ஓர் அறிக்கை போகும் வழி

இந்தியாவில் நடப்பதை வைத்தே பார்ப்போம். வலிப்புக்காக கார்பமசெபைன் எடுத்துக்கொண்டவருக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய்ப்புண்ணும் தோல் உரிதலும் வருகின்றன. வார்டில் மருந்தை நிறுத்திவிட்டுச் சிகிச்சை தொடங்குகிறார்கள். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தை எடுத்து நிரப்ப வேண்டும். படிவத்தில் நான்கு பகுதிகள்: நோயாளி விவரம், ஏற்பட்ட விளைவு, சந்தேகிக்கப்படும் மருந்து, அறிக்கை தருபவர். அடையாளம் காணத்தக்க நோயாளி, அடையாளம் காணத்தக்க அறிக்கையாளர், ஒரு மருந்து, ஒரு விளைவு ஆகிய நான்கும் இருந்தால்தான் அது செல்லுபடியாகும் அறிக்கை. இந்த நான்கும் உலகம் முழுக்கப் பொது.

படிவம் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் இயங்கும் கண்காணிப்பு மையத்துக்குப் போகிறது. அங்கே காரணத் தொடர்பை, அதாவது விளைவுக்கு மருந்துதான் காரணமா என்பதை, மதிப்பிடுகிறார்கள். உலக சுகாதார அமைப்பும் அதன் மருந்துக் கண்காணிப்புக் கூட்டாளியான உப்சாலா மையமும் வகுத்த ஆறு வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு முறை. 1981-இல் வந்த நரஞ்சோ அளவுகோலின் பத்துக் கேள்விகளுக்கு மதிப்பெண் போடுவது இன்னொரு முறை: 9-உம் அதற்கு மேலும் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும் இருக்கலாம், 1 முதல் 4 வரை இருக்கக்கூடும், அதற்குக் கீழே ஐயம். பிறகு மென்பொருளில் ஏற்றப்பட்டு, காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்தின் தேசிய ஒருங்கிணைப்பு மையத்துக்கும், அங்கிருந்து ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ள விஜிபேஸ் என்ற உலகத் தரவுத்தளத்துக்கும் செல்கிறது. நோயாளியே சொல்ல விரும்பினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும், தமிழிலேயே அச்சான படிவமும் இருக்கின்றன.

மருந்து நிறுவனத்தின் வழி தனி. அதற்குத் தெரியவரும் கடுமையான, எதிர்பாராத விளைவுகளை 15 நாட்களுக்குள் உரிம அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள். மருத்துவருக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. அவர் விருப்பப்பட்டுத் தருவதுதான்.

இந்தப் பாதையில் ஐந்து இடங்களில் ஓட்டை விழுகிறது. முதலாவதும் மிகப் பெரியதும்: அறிக்கையே எழுதப்படுவதில்லை. 12 நாடுகளின் 37 ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் வெளியான மதிப்பாய்வு, இடைநிலையாக 94 சதவீத விளைவுகள் பதிவாவதில்லை என்று கண்டது. இரண்டாவது, எழுதினாலும் பாதிக் கட்டங்கள் காலி. குறிப்பாக பேட்ச் எண். மூன்றாவது, காலதாமதம். நான்காவது, ஒரே நோயாளியைப் பற்றி மருத்துவர், நோயாளி, நிறுவனம் என மூன்று வழியில் வரும் மூன்று அறிக்கைகள். ஐந்தாவது, அறிக்கை எழுதியவருக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போவது. ஒருமுறை எழுதி, பதிலே வராமல் போனவர் அடுத்த முறை படிவத்தைத் தேடிப் போவதில்லை.

பிளாக்செயின் நேரடியாக உதவுவது மூன்றாவதிலும் ஐந்தாவதிலும்தான். முதல் ஓட்டையை அது அடைக்கும் என்று விளக்கப் படங்களில் காட்டுவதைப் பார்த்தால், காட்டுபவர் வார்டுக்குள் போனதில்லை என்று புரிந்துகொள்ளலாம். இரவுப் பணியில் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு, படிவம் எந்தத் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது என்பது ஒரு பொருட்டே இல்லை.

பேரேட்டில் எதை ஏற்றுவது

அறிக்கையை அப்படியே பிளாக்செயினில் ஏற்றுவது முதல் தவறு. வயது, ஊர், மருந்து, தேதி ஆகிய நான்கும் சேர்ந்தாலே ஒரு சிறு நகரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அழிக்க முடியாத இடத்தில் அழிக்கக் கோரும் உரிமையுள்ள தகவலை வைப்பது சட்டத்தோடும் மோதும். இந்தியாவின் 2023 எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட பிளாக்செயின் வழிகாட்டுதலும், தனிநபர் தரவைச் சங்கிலியில், அதாவது பிளாக்செயின் பேரேட்டில், வைப்பதைத் தவிர்க்கவே சொல்கிறது.

எனவே அறிக்கை வழக்கமான, மறைகுறியாக்கம் செய்த தரவுத்தளத்தில்தான் இருக்க வேண்டும். சங்கிலியில் ஏறுவது அதன் ஹாஷ், அதாவது அறிக்கையிலிருந்து கணக்கிட்டுப் பெறும் கைரேகை போன்ற மதிப்பு, மட்டும். ஷா-256 முறையில் எவ்வளவு நீளமான அறிக்கைக்கும் 32 பைட் நீளமுள்ள ஒரே ஒரு மதிப்பு கிடைக்கும். அறிக்கையில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு முழுக்க மாறிவிடும்.

வரிசை இப்படி அமையும். மருத்துவமனை மென்பொருளில் படிவம் நிரம்புகிறது. தரவு ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. 32 பைட் நீளத்தில் தற்போக்கான ஒரு எண், அதாவது சால்ட், சேர்க்கப்படுகிறது. ஹாஷ் கணக்கிட்டு, மருத்துவமனையின் சாவியால் கையொப்பமிட்டு, பேரேட்டுக்கு அனுப்புகிறார்கள். பேரேடு ஏற்றதும் அறிக்கை எண், ஹாஷ், நேரம் மூன்றும் அடங்கிய க்யூஆர் குறியீடு அறிக்கையாளரின் கைக்கு வருகிறது. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை செய்யும் வேலைதான் இது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அட்டை சொல்லாது, இன்ன நாளில் இன்னார் பெற்றுக்கொண்டார் என்பதை மறுக்க விடாது. பிறகு மதிப்பீடு முடிந்தது, தேசிய மையம் ஏற்றது, உப்சாலாவுக்குப் போனது என ஒவ்வொரு கட்டமும் அதே எண்ணின் கீழ் பதிவாகும். எழுதிய மருத்துவர் க்யூஆரை ஸ்கேன் செய்தால் நிலை தெரியும். இந்த முழு ஏற்பாட்டிலும் அறிக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டக்கூடிய ஒரே அம்சம் இந்தப் பதில்தான் என்பது எங்கள் கணிப்பு.

சால்ட் ஏன் தேவை என்பதை விட்டுவிட்டு எழுதப்பட்ட திட்டங்கள் பல. பத்து இலக்கக் கைபேசி எண்ணை மட்டும் ஹாஷ் செய்து ‘அடையாளம் நீக்கிவிட்டோம்’ என்பார்கள். பத்து இலக்கத்தில் இருக்கக்கூடிய எண்களே 1,000 கோடிதான். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி ஹாஷ்களைக் கணக்கிடும். எல்லா எண்களையும் முயன்று பார்த்து ஆளைப் பிடிக்கச் சில நொடிகள் போதும். சால்ட் இருந்தால் இது நடக்காது. அதற்கு இன்னொரு பயனும் உண்டு. நோயாளி தகவலை அழிக்கக் கேட்டால் தரவுத்தளத்திலிருந்து அறிக்கையையும் சால்டையும் நீக்கிவிடலாம். சங்கிலியில் எஞ்சும் 32 பைட்டிலிருந்து யாராலும் எதையும் மீட்க முடியாது.

மருந்தின் பெயரைச் சங்கிலியில் வெளிப்படையாக வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. எந்த மருத்துவமனையிலிருந்து, எந்த நிமிடத்தில், எந்த மருந்துக்கு அறிக்கை வந்தது என்ற மூன்றும் தெரிந்தால், அதே வலையமைப்பில் கணு (பேரேட்டின் பிரதியை வைத்திருக்கும் கணினி) வைத்திருக்கும் போட்டி நிறுவனம் அதை வைத்தே சந்தையில் பேச ஆரம்பித்துவிடும்.

கொள்ளளவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் அறிக்கைகள் வருவதாக வைத்துக்கொண்டாலும் நாளுக்குச் சுமார் 1,370, நிமிடத்துக்கு ஒன்றுதான். ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற அனுமதிபெற்றோருக்கான வலையமைப்பில் சான்றிதழ், கையொப்பங்களோடு ஒரு பரிவர்த்தனை ஐந்து கிலோபைட் பிடித்தாலும் ஆண்டுக்கு 2.5 ஜிபி. ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மீண்டும் ஹாஷ் செய்து ஒரே ஹாஷில் முடிக்கும் மெர்க்கிள் மரமாகத் தொகுத்து நாளுக்கு ஒரே ஒரு வேர் ஹாஷை மட்டும் ஏற்றினால் இதுவும் தேவையில்லை: 4,096 அறிக்கைகளில் ஒன்று உள்ளே இருக்கிறது என்று நிரூபிக்க 12 ஹாஷ்கள், அதாவது 384 பைட் போதும். ‘நொடிக்கு இத்தனை ஆயிரம் பரிவர்த்தனை’ என்று விற்பனைக்கு வருபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

ஹாஷ் பொருந்தாமல் போகும் இடங்கள்

நடைமுறையில் முதலில் உடைவது சீர்வடிவம். ஆறு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து ஹாஷ் கணக்கிட்டால் சங்கிலியில் உள்ளதோடு ஒத்துப்போகாது. யாரோ திருத்திவிட்டார்கள் என்று பரபரப்பாகும். கடைசியில் பார்த்தால் மென்பொருளின் புதிய பதிப்பு தேதியை வேறு வரிசையில் எழுதியிருக்கும், அல்லது காலிக் கட்டத்துக்குப் பதில் இடைவெளி வைத்திருக்கும். ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கான சீர்வடிவ நெறி ஒன்று ஆர்எஃப்சி 8785 என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் அது யூனிகோட் எழுத்துகளைச் சீராக்குவதில்லை. தமிழில் இது நேரடியாகக் கடிக்கும். ‘கொப்புளம்’ என்ற சொல்லின் கொகரத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஹாஷ் வேறு வேறு. நோயாளி தமிழ்ப் படிவத்தில் ஒரு கைபேசியில் எழுதியதும், மையத்தில் வேறொரு விசைப்பலகையில் திருத்திச் சேமித்ததும் இப்படிப் பிரிந்துபோகும். ஹாஷுக்கு முன், பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுவதைக் கட்டாயமாக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, அறிக்கை ஒரே நாளில் முடிந்துபோகும் பொருள் அல்ல. இன்று ‘தோல் தடிப்பு’ என்று வந்தது, திசுப் பரிசோதனைக்குப் பிறகு, தோல் உரியும் கடுமையான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்று மாறும். மருந்தை நிறுத்தியதும் குணமானாரா என்பது பிறகு சேரும். சில சமயம் தவறான நோயாளி என்று அறிக்கையே ரத்தாகும். சர்வதேசப் பரிமாற்ற வடிவமான இ2பி ஆர்3-இல் முதல் தகவல் வந்த தேதிக்கும், கடைசித் தகவல் வந்த தேதிக்கும், ரத்து அல்லது திருத்தத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. சங்கிலியிலும் அப்படியே செய்ய வேண்டும்: ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஹாஷ், அதில் முந்தைய பதிப்பின் ஹாஷும் அடங்கும். ரத்து செய்வதும் ஒரு பதிப்பே. இதைச் செய்யாமல் ஒரு அறிக்கைக்கு ஒரு ஹாஷ் என்று வடிவமைத்தால், திருத்தம் செய்ய நினைக்கும் மருத்துவர் புதிய அறிக்கை போட வேண்டியிருக்கும். இரட்டிப்பு அறிக்கைக்கு அதுவே வாசல்.

மூன்றாவது நேரம். சட்டக் கெடு 15 நாள் என்றால் முதல் நாள் எது என்பதுதான் வழக்கே. ஃபேப்ரிக்கில் பரிவர்த்தனையின் நேரமுத்திரையை இடுவது அதை அனுப்பும் கணினி, வலையமைப்பு அல்ல. அனுப்புபவர் தன் கணினியின் கடிகாரத்தை மூன்று நாள் பின்னால் வைத்தால் பேரேட்டில் அந்த நேரமே பதிவாகும். இதைத் தடுக்க, ஒப்புதல் தரும் ஒவ்வொரு கணுவும் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுக்கும்படி விதி எழுத வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத அமைப்பில் காலத்துக்கான சாட்சியம் என்று எதுவும் இல்லை.

இரட்டிப்பை ஹாஷ் ஒழிக்கும் என்பதும் ஒரு தவறான நம்பிக்கை. மருத்துவர் ‘வயது 43’ என்றும் நிறுவனம் ‘வயது 44’ என்றும் எழுதினால் இரண்டு ஹாஷ்களுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. உப்சாலா மையம் விஜிமேட்ச் என்ற நிகழ்தகவு முறையில்தான் இரட்டிப்புகளைத் தேடுகிறது. அதற்கு முழு அறிக்கையும் வேண்டும், ஹாஷ் போதாது. இது சிறிய விஷயம் அல்ல. எச்சரிக்கைக் குறிப்பைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் ஒரு வரையறை, விகிதாசார அறிக்கை விகிதம் (ஒரு மருந்தின் அறிக்கைகளில் அந்த விளைவின் பங்கு, மற்ற மருந்துகளில் உள்ளதைவிட எத்தனை மடங்கு என்பது) 2 அல்லது அதற்கு மேல், கை-வர்க்கம் என்ற புள்ளியியல் சோதனையின் மதிப்பு 4 அல்லது அதற்கு மேல், குறைந்தது 3 அறிக்கைகள். அரிதான மருந்தில் ஒரே நோயாளி மூன்று வழியில் மூன்று முறை பதிவானால் இந்த எல்லையைத் தொட்டுவிடலாம். க்யூஆர் ரசீதில் உள்ள உலகளாவிய தனி எண்ணை நோயாளி நிறுவனத்திடம் சொன்னால் இரட்டிப்பு ஓரளவு குறையும். ஆனால் அது ரசீதின் பயன், சங்கிலியின் பயன் அல்ல.

கணு யார் வீட்டில்

ஒருவரை ஒருவர் முழுதாக நம்பாத பலர் ஒரே பதிவேட்டை வைத்துக்கொள்வதுதான் பிளாக்செயினின் நியாயம். ஐந்து கணுக்களும் ஒரே அரசுத் தரவு மையத்தில், ஒரே நிர்வாகியின் கடவுச்சொல்லில் ஓடினால் அது விலை கூடிய தரவுத்தளம். பொருள்படும் பங்கீடு என்றால் தேசிய ஒருங்கிணைப்பு மையம், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஒரு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இரண்டு மருத்துவக் கல்லூரிகள், உற்பத்தியாளர் சங்கம் என்று வெவ்வேறு கைகளில் இருக்க வேண்டும்.

ஃபேப்ரிக் நீண்ட காலம் பயன்படுத்திவந்த ராஃப்ட் என்ற ஒப்புதல் முறை (பதிவுகளின் வரிசையில் கணுக்கள் உடன்படும் வழி), கணு செத்துப்போவதைத் தாங்கும். பொய் சொல்வதைத் தாங்காது. ஐந்தில் இரண்டு நின்றுபோனாலும் ஓடும், ஆனால் தலைமைக் கணு ஏமாற்றினால் சிக்கல். பொய் சொல்லும் ஒரு கணுவைத் தாங்கக் குறைந்தது நான்கு கணுக்களும் வேறு வகை ஒப்புதல் முறையும் வேண்டும். 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது ஃபேப்ரிக்கோடு சேர்ந்தது. டெண்டர் ஆவணத்தில் ‘பிளாக்செயின்’ என்று மட்டும் எழுதிவிட்டு இந்த வேறுபாட்டைக் கேட்காமல் விட்டால், எந்த அபாயத்துக்காக வாங்கினோமோ அதற்கே பாதுகாப்பு இருக்காது.

பராமரிப்பில் மிகவும் சலிப்பூட்டும் காரணம்தான் அடிக்கடி அமைப்பை நிறுத்தும்: சான்றிதழ் காலாவதி. ஃபேப்ரிக்கின் சான்றிதழ் மென்பொருள் இயல்பாகத் தருவது ஓராண்டுச் சான்றிதழ். எல்லாக் கணுக்களையும் ஒரே வாரத்தில் நிறுவியிருந்தால் அடுத்த ஆண்டு அதே வாரத்தில் எல்லாம் ஒன்றாக விழும். அதோடு, கண்காணிப்பு மையத்தின் உதவியாளர் பணி மாறிப்போகும்போது கையொப்பச் சாவி அவருடைய பென்டிரைவில் போய்விடக் கூடாது. சாவி நிறுவனத்தின் பெயரில், வன்பொருள் பெட்டகத்தில் இருக்க வேண்டும். தனிநபருக்கு உள்நுழைவு மட்டும்.

கூட்டமைப்புகள் கலைந்துபோவதும் உண்டு. சரக்குக் கப்பல் துறைக்காக மெர்ஸ்கும் ஐபிஎம்மும் தொடங்கிய டிரேட்லென்ஸ், தொழில்துறை முழுதையும் சேர்க்க முடியாமல் 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. அமேசானின் பேரேட்டுத் தரவுத்தளமான க்யூஎல்டிபி 2025 ஜூலையோடு நிறுத்தப்பட்டது. பக்கவிளைவு ஆவணங்களுக்கு மருந்து சந்தையில் இருக்கும் காலத்தைத் தாண்டியும் ஆயுள் வேண்டும். வழங்குநர் போனாலும் ரசீதைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்றால் ஹாஷ் முறையும் மெர்க்கிள் நிரூபண வடிவமும் பொதுத் தரத்தில் எழுதி வெளியிடப்பட்டிருக்க வேண்டும்.

உண்மையில், தேசிய மையம் ஒன்றே பதிவேட்டை வைத்திருக்க எல்லோரும் சம்மதித்தால் பிளாக்செயினே வேண்டியதில்லை. இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்காக 2013 முதல் இயங்கும் வெளிப்படைப் பதிவேட்டு முறை போதும்: சேர்க்க மட்டுமே முடிகிற ஒரு மெர்க்கிள் பதிவேடு, அதன் வேரை அவ்வப்போது சரிபார்க்கும் வெளிச் சாட்சிகள். இதைவிடப் பழைய வழியும் இருக்கிறது. சூரிட்டி என்ற நிறுவனம் 1995 முதல் தன் பதிவேட்டின் ஹாஷை வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விளம்பரப் பகுதியில் அச்சிட்டுவந்தது. பிட்காயினுக்குப் பதின்மூன்று ஆண்டு முந்தைய கதை இது. நாளின் வேர் ஹாஷை அரசிதழில் அச்சிட்டாலே பின்தேதியிட்ட திருத்தம் செத்துப்போகும். எஸ்தோனியா தன் மின் மருத்துவப் பதிவுகளுக்குப் பயன்படுத்தும் ஏற்பாடும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அங்கேயும் நோயாளியின் பதிவு சங்கிலியில் இல்லை, பதிவு மாறவில்லை என்பதற்கான சாட்சியம் மட்டும் இருக்கிறது.

அழியாத எழுத்தும் மருத்துவரின் தயக்கமும்

பக்கவிளைவு அறிக்கை தருவது குற்ற ஒப்புதல் அல்ல என்று இந்தியப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி அச்சிட வேண்டியிருந்ததே நிலைமையைச் சொல்கிறது. ‘நான் எழுதிக் கொடுத்த மருந்தால் நேர்ந்தது’ என்று கையெழுத்திடத் தயங்கும் ஒருவரிடம், ‘இதை இனி யாராலும் அழிக்க முடியாது’ என்று பெருமையாகச் சொன்னால் அவர் பேனாவை மூடிவிடுவார். திருத்த முடியாமை, தணிக்கையாளருக்குக் கவர்ச்சி, அறிக்கையாளருக்கு அச்சம். எனவே கையொப்பம் நிறுவனத்தின் பெயரில் போவதும், மருத்துவரின் பெயர் தரவுத்தளத்தில் மட்டும் இருப்பதும் வசதிக்காகச் செய்வது அல்ல. அறிக்கை வருவதற்கே அது நிபந்தனை. எந்தப் பெயர் எங்கே தங்குகிறது என்பதைப் படிவத்தின் மேலேயே இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும்.

அறிக்கைக்கு டோக்கன் தருவோம் என்ற யோசனை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஓர் அறிக்கைக்கு ஐம்பது ரூபாய் மதிப்புள்ள டோக்கன் என்றால், தலைவலி, வயிற்றெரிச்சல், பாராசிட்டமால் என்று ஒரு மாலைக்குள் நூறு அறிக்கை எழுத ஆள் கிடைக்கும். எச்சரிக்கையைக் கண்டறியும் கணக்கு மொத்த அறிக்கைகளோடு ஒப்பிட்டே பேசுவது என்பதால் குப்பை பெருகும்போது இரண்டு பக்கமும் கெடுகிறது: இல்லாத எச்சரிக்கை எழும், இருக்கும் எச்சரிக்கை மறைந்துபோகும். கணுக்கள் எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொள்வது பதிவு வந்தது என்பதை மட்டுமே. பதிவில் இருப்பது உண்மை என்பதை அல்ல. ஊக்கம் தர வேண்டுமென்றால் மருத்துவர்களின் தொடர்கல்விப் புள்ளிகளாக, மையம் சரிபார்த்த அறிக்கைக்கு மட்டும் தரலாம்.

பேட்ச் எண் எங்கே

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தின் எஸ்ஆர்-13 என்ற பேட்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பதைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் தொடக்கத்தில் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்.

இப்படிப்பட்ட நிகழ்வில் விகிதாசாரக் கணக்கு எதுவும் தேவைப்படாது. ஒரே மாவட்டம், ஒரே அறிகுறி, ஒரே பேட்ச் என்று இரண்டு வாரத்துக்குள் மூன்று அறிக்கை வந்தால் எச்சரிக்கை அடிக்கும்படி வைத்தால் போதும். அதைச் சாதாரணத் தரவுத்தளத்தில் ஒரு வினவலாக எழுதிவிடலாம். ஹாஷ்களை மட்டும் வைத்திருக்கும் சங்கிலியால் இதைச் செய்யவே முடியாது. அந்த வினவலுக்குத் தேவையான ஒரே பொருள் பேட்ச் எண். படிவத்தில் அதற்குக் கட்டம் உண்டு. அதுதான் பெரும்பாலும் காலி.

2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் உறையில் பார்கோடோ க்யூஆர் குறியீடோ கட்டாயம். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, உரிம எண் எல்லாம் அதில் இருக்கும். வார்டில் கைபேசியால் அதை ஸ்கேன் செய்து படிவத்தின் மருந்துப் பகுதியை நிரப்பினால், எழுதும் நேரமும் குறையும், எழுத்துப்பிழையும் போகும். பிளாக்செயினுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்குப் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் 300-க்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பட்டையிலிருந்து நான்கு மாத்திரை வெட்டித் தரும்போது குறியீடு நோயாளியின் கைக்கு வருவதும் இல்லை. தனியார் கடையில் கணினி பில் போட்டால் பேட்ச் எண் அதில் அச்சாகும். மருத்துவமனைக்கு வரும்போது பழைய பில்லைக் கொண்டுவரச் சொல்லி வெளிநோயாளர் சீட்டிலேயே அச்சிடலாம். அரசு மருத்துவமனையில் பில் கிடையாது. அங்கே மருந்தகத்தின் இருப்புப் பதிவேட்டில், நோயாளி மருந்து வாங்கிய தேதியில் எந்த பேட்ச் வழங்கலில் இருந்தது என்று பார்த்துக் கட்டத்தை நிரப்ப வேண்டும். அன்று இரண்டு பேட்ச்கள் மாறியிருந்தால் இரண்டையும் எழுத வேண்டும்.